விர்ச்சுவல் மெஷினுக்குள் லினக்ஸ் திரை இழுக்கிறது: குறை வேலேண்டிலா, டிரைவரிலா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோஸ்டில், அதாவது நிஜக் கணினியில், நல்ல என்விடியா கார்டு இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினில் கெஸ்ட்டாக உபுண்டு போட்டாயிற்று. ஆனால் ஜன்னலைப் பிடித்து நகர்த்தினால் பின்தங்கி இழுபட்டு வருகிறது. ஒரு வீடியோவை ஓடவிட்டால் ஒதுக்கிய கோர் அத்தனையும் நூறு சதவீதம் போய் விசிறி கத்துகிறது. ஜன்னலைப் பெரிதாக்கினாலும் உள்ளே இருக்கும் திரை பெரிதாவதில்லை. கெஸ்ட்டுக்குள் என்விடியா டிரைவர் போட்டால் சரியாகுமா, இல்லை திரையில் ஜன்னல்களைக் காட்டும் வேலேண்டை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய எக்ஸ்11-க்கு மாற வேண்டுமா?

டிரைவரைப் போடாதீர்கள். எக்ஸ்11-க்கு மாறினால் சில சமயம் குணம் தெரியும். ஆனால் வேலேண்ட் மெதுவானது என்பது அதற்குக் காரணம் அல்ல. திரையில் வரும் பிக்சல்களை யார் வரைகிறார்கள், ஹோஸ்டின் ஜிபியுவா அல்லது கெஸ்ட்டுக்குக் கொடுத்த சிபியுவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலேண்ட், எக்ஸ்11 போன்ற டிஸ்ப்ளே சர்வர், பிக்சல்கள் திரைக்கு வந்துசேரும் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே எங்கோ இருக்கும்.

என்விடியா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்களிடம் என்ன கார்டு இருக்கிறது என்பதே கெஸ்ட்டுக்குத் தெரியாது. விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் தானே ஒரு கிராஃபிக்ஸ் கார்டைப் பாவனையாக உருவாக்கி, அதைத்தான் பிசிஐ பஸ்ஸில் காட்டுகிறது. கெஸ்ட்டின் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை '-என்என்கே' சேர்த்து ஓட்டி, விஜிஏ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். 1234:1111 என்ற எண் தெரிந்தால் அது கெமு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் சாதாரண விஜிஏ கார்டு. நிஜ உலகில் யாரும் தயாரிக்காத கார்டு என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும். ரெட் ஹாட் பெயரில் விர்ட்ஐஓ ஜிபியு என்றும் வரலாம், விஎம்வேர் எஸ்விஜிஏ என்றும் வரலாம். விர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது விஎம்வேர் பெயர் வந்தாலும் பதற வேண்டாம். 2018 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பு முதல் லினக்ஸ் கெஸ்ட்டுகளுக்கு அது விஎம்எஸ்விஜிஏ என்ற பெயரில் விஎம்வேர் கார்டின் பாவனையைத்தான் கொடுக்கிறது.

இந்த நிலையில் கெஸ்ட்டில் என்விடியா டிரைவரை நிறுவினால், அந்தக் கர்னல் மாட்யூல் தனக்கான கார்டைத் தேடி, கிடைக்காமல் திரும்பிவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை. கூடவே யாரோ சொன்னார்கள் என்று எக்ஸ்ஆர்க் அமைப்புக் கோப்பில் டிரைவர் என்விடியா என்று எழுதிவைத்தால், அடுத்த முறை 'நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்' என்று கறுப்புத் திரையில் நிற்கும். இதற்கு ஒரே விலக்கு, நிஜக் கார்டையே ஹோஸ்டிடமிருந்து பிடுங்கிக் கெஸ்ட்டுக்குக் கொடுக்கும் பாஸ்த்ரூ முறை. லினக்ஸ் 3.6-இல் வந்த விஎஃப்ஐஓ அதற்கான வழி. சிபியுவிலும் மதர்போர்டிலும், சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு வசதி இருக்க வேண்டும், அந்தக் கார்டை ஹோஸ்ட் தொடாமல் ஒதுங்கியிருக்க வேண்டும், ஹோஸ்டுக்கென்று வேறொரு ஜிபியு இருந்தால் நல்லது. விளையாட்டு, மெஷின் லேர்னிங் என்று பெரிய வேலை இருப்பவர்களுக்கு அது சரி. டெஸ்க்டாப் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக மட்டும் அந்தச் சிரமத்தில் இறங்குவது வீண்.

இனி சங்கிலிக்கு வருவோம். முதல் கண்ணி பாவனைக் கார்டு. அது திரையின் படத்தை வைக்கும் நினைவகமான ஃபிரேம்பஃபரை மட்டும் தருகிறதா, முப்பரிமாணக் கட்டளைகளையும் வாங்கிக்கொள்கிறதா என்பது முக்கியம். இரண்டாவது, கெஸ்ட் கர்னலில் கிராஃபிக்ஸ் கார்டைக் கையாளும் டிஆர்எம் டிரைவர். ரெசல்யூஷன் வைப்பது, பஃபர்களைத் திரைக்கு அனுப்புவது இதன் வேலை. மூன்றாவது மெசா, ஓப்பன்ஜிஎல், வல்கன் அழைப்புகளை அந்தக் கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது இதுதான். அதற்கும் மேலேதான் க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்புகளில் ஜன்னல்களை அடுக்கி ஒரே படமாக்கும் கம்பாசிட்டர், அதாவது வேலேண்டில் டிஸ்ப்ளே சர்வர் என்று சொல்வது. கீழே உள்ள மூன்றில் எது அறுந்தாலும் மெசா பிழை காட்டி நிற்காது. சத்தமில்லாமல் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் ரெண்டரருக்கு மாறிவிடும். ஜிபியு செய்ய வேண்டிய வேலையை எல்எல்விஎம் கம்பைலரின் துணையோடு சிபியுவில் செய்வது அது. எல்லாம் ஓடும்; மெதுவாக ஓடும். பிழைச் செய்தி வராததால்தான் பழி முழுவதும் வேலேண்ட் தலையில் விழுகிறது.

மெசா-யூட்டில்ஸ் பேக்கேஜை நிறுவி, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைப் பெரிய எழுத்து '-பி' போட்டு ஓட்டுங்கள். ரெண்டரர் என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால் வரைவது சிபியு. அதன் பக்கத்தில் '256 பிட்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து ஏதோ ஜிபியுவின் பஸ் அகலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது உங்கள் சிபியுவின் வெக்டர் அகலம். விர்ஜிஎல் என்று வந்தால் ஹோஸ்டின் ஜிபியு வேலை செய்கிறது. எஸ்விஜிஏ3டி என்று வந்தாலும் அப்படித்தான். அந்த வரியின் கடைசியில் எல்எல்விஎம் என்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு மென்பொருள் ரெண்டரிங் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எல்எல்விஎம்பைப் என்ற முழுப் பெயர் இருந்தால்தான் கவலை.

சிபியு வரைந்தால் எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 x 1080 திரையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஒரு ஃபிரேம் 82,94,400 பைட், ஏறக்குறைய 8 எம்பி. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 500 எம்பி. இது ஒரே ஒரு முறை எழுதும் கணக்கு. ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழல் போட்டு, ஒளி ஊடுருவ வைத்து, பிறகு பாவனைக் கார்டின் நினைவகத்துக்கு நகலெடுத்து, அங்கிருந்து ஹோஸ்ட் எடுத்துத் தன் திரையில் காட்டும்வரை அதே பைட்டுகள் பல முறை கை மாறுகின்றன. 4கே திரையில் இதெல்லாம் நான்கு மடங்கு. அங்கே இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு: ஒரு 4கே ஃபிரேமுக்கு 33 எம்பி வேண்டும், கெமுவின் சாதாரண விஜிஏ கார்டுக்கு இயல்பாகக் கிடைப்பதோ 16 எம்பி. 4கே ரெசல்யூஷன் பட்டியலிலேயே வரவில்லை என்று தவிப்பவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்கட்டும்.

அப்படியானால் எக்ஸ்11-இல் ஏன் வேகமாகத் தெரிகிறது? எக்ஸ்11 நெறிமுறை 1987-இல் வந்தது. அந்தக் காலத்து வடிவமைப்பில் ஒவ்வொரு பயன்பாடும் 'இங்கே கோடு போடு, அங்கே எழுத்தை வை' என்று சர்வரிடம் சொல்லும். மாறிய இடம் மட்டும் திருத்தி வரையப்படும். கம்பாசிட்டர் கட்டாயமில்லை. இன்றைய எக்ஸ்ஆர்க் சர்வரின் மோட்செட்டிங் டிரைவர், கிளாமர் என்ற பகுதி வழியாக இரு பரிமாண வரைதலையும் ஓப்பன்ஜிஎல் மூலம் செய்யப் பார்க்கும். ஆனால் கீழே எல்எல்விஎம்பைப் இருப்பதைக் கண்டால் கிளாமரை ஏற்க மறுத்து, பழைய ஷேடோ ஃபிரேம்பஃபர் வழிக்குத் திரும்பிவிடும். எக்ஸ்ஆர்க் பதிவுக் கோப்பில் 'ரெஃப்யூசிங் டு ட்ரை கிளாமர் ஆன் எல்எல்விஎம்பைப்' என்று ஒரு வரியே இருக்கும். ஓப்பன்ஜிஎல்லைச் சிபியுவில் பாவனை செய்வதைவிட, நேராகச் சிபியுவிலேயே கோடு போடுவது மலிவு என்ற நல்ல முடிவு அது.

வேலேண்டில் கம்பாசிட்டர் இல்லாமல் ஒன்றும் இல்லை. 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் அதைத் தொடங்கியபோதே, நவீனச் சூழலில் எக்ஸ் சர்வர் நடுவில் நிற்கும் தரகர் மட்டும்தான், கம்பாசிட்டரே சர்வராக இருக்கட்டும் என்பதுதான் அடிப்படை. க்னோமின் மட்டரும் கேடிஇயின் கேவின்னும் ஓப்பன்ஜிஎல் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடத்தில்தான் இழுப்பு தொடங்குகிறது. எக்ஸ்11-க்கு மாறியும் க்னோமையே வைத்துக்கொண்டால் பெரிதாக ஒன்றும் மாறாது, அங்கேயும் அதே மட்டர் ஓப்பன்ஜிஎல்லில்தான் அடுக்குகிறது. கம்பாசிட்டிங்கை நிறுத்திய, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு மாறினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மறுபக்கம், ஸ்வே போன்ற டபிள்யூஎல்ரூட்ஸ் கம்பாசிட்டர்களைப் பிக்ஸ்மேன் ரெண்டரரில் ஓட்டினால் வேலேண்டும் ஓப்பன்ஜிஎல் இல்லாமல் சிபியுவிலேயே சுறுசுறுப்பாக ஓடும். ஆக, குறை நெறிமுறையில் இல்லை.

இன்னொன்று, 'எக்ஸ்11-க்கு மாறு' என்ற ஆலோசனைக்கே காலம் முடிந்துகொண்டிருக்கிறது. உபுண்டு 25.10, ஃபெடோரா 43 இரண்டிலும் க்னோமுக்கு எக்ஸ்11 செஷன் கிடையாது. உள்நுழையும் திரையில் அந்தத் தேர்வே வராது. பழைய எக்ஸ் பயன்பாடுகள் எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடும், அவ்வளவுதான்.

சரி, முதல் கண்ணியை எப்படி ஒழுங்காக்குவது? ஹோஸ்ட் லினக்ஸ் என்றால் என் தேர்வு கெமு-கேவிஎம்மும் விர்ட்ஐஓ-ஜிபியுவும்தான். இதன் டிரைவர் 2015-இல் லினக்ஸ் 4.2-இல் சேர்ந்தது, முப்பரிமாண வசதி சில மாதங்களில் 4.4-இல் வந்தது. கெமு மெஷின்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் வீடியோ என்ற இடத்தில் விர்ட்ஐஓ தேர்ந்து, 3டி ஆக்சலரேஷனை டிக் செய்யுங்கள். அது மட்டும் போதாது. கெஸ்ட்டின் திரையை ஹோஸ்டில் காட்டுவது ஸ்பைஸ்; அதற்கான டிஸ்ப்ளே ஸ்பைஸ் பகுதியில் ஓப்பன்ஜிஎல்லையும் டிக் செய்து, லிசன் டைப்பை 'நன்' என்று மாற்ற வேண்டும். இதை மாற்றாவிட்டால் ஸ்பைஸ் ஜிஎல் உள்ளூரில் மட்டும்தான் இயங்கும், போர்ட்டோடு ஒத்துவராது என்ற பொருளில் ஒரு பிழை வந்து மெஷின் கிளம்பாமல் நிற்கும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் 3டி-யே வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் ஹோஸ்டில் என்விடியாவோடு இன்டெல் அல்லது ஏஎம்டியின் ஒருங்கிணைந்த ஜிபியுவும் இருந்தால், அதே இடத்தில் ரெண்டர் நோடாக அதைத் தேர்ந்தெடுங்கள். ஹோஸ்டும் கெமுவும் பஃபரைப் பகிர்ந்துகொள்ளும் வழி, மெசா டிரைவர்கள் பல்லாண்டுகளாகப் பழகிய வழி. என்விடியாவின் மூடிய டிரைவருக்கு, பஃபர்களை ஒதுக்க மெசா பயன்படுத்தும் ஜிபிஎம் இடைமுகத்தின் ஆதரவே 2021-இல், 495 பதிப்பில்தான் வந்தது. ஒருங்கிணைந்த ஜிபியு டெஸ்க்டாப்புக்குத் தாராளமாகப் போதும்.

கெஸ்ட் எழுந்ததும் கர்னல் பதிவில் விர்ஜிஎல் என்று தேடுங்கள். 'ஃபீச்சர்ஸ்: +விர்ஜிஎல் +இடிஐடி' என்று ஒரு வரி வரும். விர்ஜிஎல்லுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் ஹோஸ்ட் முப்பரிமாணத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. கழித்தல் குறி இருந்தால் கெஸ்ட்டுக்குள் எதை நிறுவினாலும் பயனில்லை, திருத்த வேண்டியது ஹோஸ்ட் பக்கம். இந்த ஒரு குறியைப் பார்க்காமல் கெஸ்ட்டில் மெசாவை மாற்றி மாற்றி நிறுவிக்கொண்டிருப்பது நேரத்துக்குக் கேடு.

விர்ஜிஎல்லிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. கெஸ்ட்டின் ஓப்பன்ஜிஎல் அழைப்புகளை இடைநிலை வடிவுக்கு மாற்றி, ஹோஸ்டுக்கு அனுப்பி, அங்கே மறுபடி ஓப்பன்ஜிஎல்லாக்கி ஓட்டுகிறது. இந்த இரட்டை மொழிபெயர்ப்புக்கு ஒரு விலை இருக்கிறது. டெஸ்க்டாப்பும் பிரவுசரும் நன்றாக ஓடும், கனமான விளையாட்டுகள் திணறும். வல்கனுக்கு வீனஸ் என்ற தனி வழி இருக்கிறது, கெமுவில் அது 2024 டிசம்பரில் வந்த 9.2 பதிப்பிலிருந்துதான். வீடியோ டீகோடிங் பெரும்பாலும் சிபியுவிலேயே நடக்கும் என்பதால், எல்லாம் சரியான பிறகும் வீடியோ ஓடும்போது விசிறி கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும்.

பழைய வழிகாட்டிகளில் க்யூஎக்ஸ்எல் கார்டைப் பரிந்துரைத்திருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். எக்ஸ் சர்வர் கோடு போட்ட காலத்தில் அந்தக் கட்டளைகளை அப்படியே தூரத்துக்கு அனுப்புவதற்காக உருவானது அது. இன்றைய கம்பாசிட்டர் முழுப் படத்தையும் தானே தயாரித்துக் கொடுக்கும்போது க்யூஎக்ஸ்எல் முடுக்கிவிட எதுவும் மிச்சமில்லை. ரெட் ஹாட் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் ஸ்பைஸையே எடுத்துவிட்டது.

விர்ச்சுவல்பாக்ஸில் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ நினைவகம் 128 எம்பி, 3டி டிக். விபாக்ஸ்எஸ்விஜிஏ விண்டோஸ் கெஸ்ட்டுக்கானது. 3டி போட்டதும் வேலேண்ட் செஷனில் திரை மின்னுகிறது, கறுப்பாகிறது என்றால் அதை நிறுத்திவிட்டு இலகுவான டெஸ்க்டாப்புக்குப் போவதுதான் குறுக்குவழி. விஎம்எஸ்விஜிஏ-க்கான டிரைவர் ஏற்கெனவே லினக்ஸ் கர்னலில் இருக்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுவது திரை அளவு, கிளிப்போர்டு போன்றவற்றுக்காகத்தான், வேகத்துக்காக அல்ல. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 17-ஆம் பதிப்பு ஓப்பன்ஜிஎல் 4.3 வரை தருகிறது. ஆனால் ஓப்பன்-விஎம்-டூல்ஸ் மட்டும் போதாது, அதன் டெஸ்க்டாப் பேக்கேஜும் வேண்டும். ஹைப்பர்-வியில் லினக்ஸ் கெஸ்ட்டுக்கான பாவனைக் கார்டில் முப்பரிமாணம் இல்லவே இல்லை. அங்கே ஆர்டிபி என்ற தொலைத்திரை நெறிமுறை வழியாக இணைவதே நல்லது.

இனி மவுஸ். இழுப்பைவிட எரிச்சலூட்டுவது இதுதான்: அம்பு ஓரிடத்தில் இருக்கிறது, க்ளிக் வேறிடத்தில் விழுகிறது. அல்லது அம்பே காணாமல் போய்விடுகிறது. காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. நிஜக் கார்டில் கர்சர் என்பது திரைமேல் மிதக்கும் ஒரு சின்னப் படம். அதன் இடது மேல் மூலை எங்கே என்று சொன்னால் போதும். விர்ச்சுவல் மெஷினிலோ, தாமதம் தெரியாமலிருக்க ஹோஸ்டே தன் மவுஸ் அம்பைக் கெஸ்ட்டின் கர்சர் படமாக மாற்றிக் காட்டுகிறது. அப்போது படத்தின் எந்தப் புள்ளி 'முனை' என்று ஹோஸ்டுக்குத் தெரிந்தாக வேண்டும். சாதாரண அம்புக்கு முனை மூலையிலேயே இருப்பதால் தகவல் இல்லாவிட்டாலும் தப்பித்துவிடும். எழுத்துகளுக்கு மேல் வரும் 'ஐ' வடிவக் கர்சருக்கும் ஓரத்தை இழுக்கும் இருதலை அம்புக்கும் முனை நடுவில் இருக்கிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு பிக்சல் தள்ளிப் போய்விடும். எக்ஸ்ஆர்க் பயன்படுத்திய பழைய கர்னல் அழைப்பில் முனையைச் சொல்ல இடம் இருந்தது. வேலேண்ட் கம்பாசிட்டர்கள் விரும்பும், திரை மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்யும் அடாமிக் மோட்செட்டிங்கை வடிவமைத்தவர்கள் நிஜக் கார்டுகளை மனதில் வைத்துச் செய்ததால் அந்தத் தகவலுக்கு இடமே விடவில்லை. அதனால் கம்பாசிட்டர்கள் விர்ச்சுவல் டிரைவர்களைத் தனிப் பட்டியலில் வைத்துப் பழைய வழியிலேயே நடத்திக்கொண்டிருந்தன. 2024-இல் வந்த லினக்ஸ் 6.8-இல்தான் கர்சர் முனைக்கான பண்பு அடாமிக் பக்கமும் சேர்ந்தது. ஆகவே இந்தக் கோளாறு இருந்தால் முதலில் கெஸ்ட்டின் கர்னலையும் கம்பாசிட்டரையும் புதுப்பியுங்கள். முடியாதென்றால் மென்பொருள் கர்சருக்கு மாறுங்கள். ஸ்வே போன்றவற்றில் 'நோ ஹார்ட்வேர் கர்சர்ஸ்' என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்தால் போதும். சற்றுத் தாமதமாக நகரும், ஆனால் சரியான இடத்தில் க்ளிக் ஆகும்.

திரை அளவு தானாக மாறாத விஷயத்தில் இருவர் ஒத்துழைக்க வேண்டும். ஜன்னலின் புதிய அளவை ஹோஸ்ட் சொன்னதும் கெஸ்ட் டிரைவர், மானிட்டரை மாற்றிப் பொருத்தியதுபோல ஒரு அறிவிப்பை எழுப்புகிறது. க்னோம் அதைக் கேட்டு உடனே மாறிவிடும். எக்ஸ்எஃப்சிஇ போன்றவை கேட்டும் கேளாததுபோல் இருக்கும். அங்கே எக்ஸ்ரேண்டர் கட்டளையில் விர்ச்சுவல்-1 என்ற அவுட்புட்டுக்கு 'ஆட்டோ' கொடுத்துப் பாருங்கள். அளவு பொருந்திவிட்டால் டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் போய் நோண்ட வேண்டாம்.

கிளிப்போர்டில் மட்டும் வேலேண்ட்மீது பழி சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எக்ஸ்11-இல் எந்தப் பயன்பாடும் எப்போது வேண்டுமானாலும் கிளிப்போர்டைப் படிக்கலாம். ஸ்பைஸ் ஏஜென்ட் போன்றவை பின்னணியில் அமர்ந்து அதைத்தான் செய்தன. வேலேண்டில் கவனம் பெற்ற ஜன்னலுக்குத்தான் அந்த உரிமை. பாதுகாப்புக்கு நல்லது, ஜன்னலே இல்லாத ஏஜென்ட்டுக்குச் சங்கடம். விர்ச்சுவல்பாக்ஸ் 2024-இல் 7.1 பதிப்பில்தான் வேலேண்ட் கெஸ்ட்டுக்கான கிளிப்போர்டு பகிர்வைச் சேர்த்தது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ரெசல்யூஷன் 800 x 600-இலோ 1024 x 768-இலோ ஆணி அடித்ததுபோல் நின்றால், கர்னலின் துவக்க வரியைப் பாருங்கள். ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் என்ற கோப்பு. நிறுவும்போது கறுப்புத் திரை வந்ததால் யாரோ சொல்லி நோமோட்செட் என்று சேர்த்திருப்பீர்கள். அது அப்படியே நிலைத்திருக்கும். அது இருக்கும்வரை கார்டுக்கான நிஜ டிரைவர் ஏறாது. ஃபர்ம்வேர் வைத்துவிட்டுப் போன திரையை வைத்துக்கொண்டுதான் கர்னல் சமாளிக்கும். கிரப் அமைப்புக் கோப்பில் அந்தச் சொல்லை அழித்து, அப்டேட்-கிரப் ஓட்டி, மறுதுவக்கம் செய்யுங்கள். பிறகு எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்பதற்கு நேரே விர்ட்ஐஓ அல்லது விஎம்வேர் கார்டின் டிரைவரான விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த வெளியீட்டையும் கர்னல் பதிவில் டிஆர்எம் என்று வரும் வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள், எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.